ஜெட்டா ட்ரெக் வாங்கினால் முதலில் சைக்கிளைக் கவனியுங்கள்

1996ல் ஃபோக்ஸ்வேகன் அமெரிக்காவில் 'ஜெட்டா ட்ரெக்' என்று ஒரு லிமிடெட் எடிஷன் கார் விட்டது. மூன்றாம் தலைமுறை ஜெட்டாதான். ஆனால் கூரையில் ரேக், அதற்கு மேல் ஒரு ட்ரெக் மவுன்டன் பைக், எல்லாம் காரோடு சேர்ந்தே வந்தன. ட்ரெக் சைக்கிள் கம்பெனிக்கு ஊர் விஸ்கான்சின் மாநிலத்தில் இருக்கும் வாட்டர்லூ. நான் குடியிருக்கும் மேடிசனிலிருந்து காரில் போய்வரும் தூரம்தான். இந்தக் கார் மேல் எனக்கு இருக்கும் தனிப் பிரியத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

இப்படி ஒன்று விலைக்கு வந்தால், காரைச் சுற்றிப் பார்ப்பதற்கு முன் "சைக்கிள் எங்கே?" என்று கேளுங்கள். இத்தனை வருஷத்தில் சைக்கிள் ஒரு வீட்டுக்கும் கார் இன்னொரு வீட்டுக்கும் போயிருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. வேறு ஏதோ ஒரு ட்ரெக் சைக்கிளைக் கூரையில் மாட்டிக் காட்டினால் ஏமாற வேண்டாம். காரோடு வந்தது 21 கியர் சைக்கிள். ஃபிரேமில் ஜெட்டா பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். சைக்கிளைக் கவிழ்த்தால் பெடல் அச்சுக்கு அடியில் சீரியல் எண் இருக்கும். அதைப் படம் எடுத்துக் காரின் பழைய பில், விலைச் சீட்டு எல்லாவற்றோடும் ஒரே ஃபைலில் வையுங்கள்.

ஏன் சைக்கிளுக்கு இவ்வளவு முக்கியத்துவம் என்றால், காரின் இன்ஜினில் தனித்தன்மை எதுவும் இல்லை. 2.0 லிட்டர், 115 குதிரைத்திறன். அதே இன்ஜின் சாதாரண ஜெட்டாவிலும், ஃபோக்ஸ்வேகனின் கோல்ஃப் காரிலும் ஓடியது. டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், ஜன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்கும் பாகம் எல்லாம் இன்னும் தேடினால் கிடைக்கும். 60,000 மைலுக்கு ஒரு முறை பெல்ட்டை மாற்றிக்கொண்டு வாருங்கள், போதும். கிடைக்காதவை சைக்கிள், அந்த ரேக், ட்ரெக் பெயர் தைத்த சீட் துணி, வெளியே ஒட்டிய பெயர்ச்சின்னம். அதனால் கையில் காசு கொஞ்சமாக இருந்தால் முதலில் இவற்றுக்குச் செலவு செய்யுங்கள். இதுதான் என் கணக்கு.

சரி, சைக்கிளுக்கு வருவோம். ஃபிரேமில் ஒரு காந்தத்தை வையுங்கள். ஒட்டினால் அது ஸ்டீல், உள்பக்கம் துருப்பிடிக்கும். சீட் தாங்கும் கம்பி அலுமினியமாக இருந்தால் இரண்டும் நாளாக ஆகப் பிணைந்து இறுகிவிடும். ஆகவே வருஷத்துக்கு ஒரு முறை சீட் உயரத்தை டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டு, கம்பியை முழுசாக உருவுங்கள். பழைய கிரீஸ் கறுத்து, ஓரத்தில் வெள்ளைப் பொடி படிந்திருக்கும். துணியால் துடைத்துவிட்டு, சைக்கிளைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்குங்கள். தண்ணீரோ செந்துருவோ கொட்டினால் காயவைத்து, துருத்தடுப்பு ஸ்பிரேயை நீளக் குழாய் வைத்து உள்ளே அடியுங்கள். அப்புறம் புதுக் கிரீஸ் தடவிக் கம்பியைச் சொருகுங்கள்.

பழைய பிரேக் கட்டைகள் பார்க்க நன்றாக இருந்தாலும் ரப்பர் இறுகிப் பளபளத்திருக்கும். நகத்தால் அழுத்தினால் பதியாது. அவற்றை மாற்றியே ஆக வேண்டும். டயர், டியூப், செயின் பற்றிக் கவலை வேண்டாம். புது மவுன்டன் பைக்குகள் பெரும்பாலும் 29 இஞ்சுக்குப் போய்விட்டாலும் 26 இஞ்ச் டயரும், பின்னால் ஏழு பல்சக்கரங்கள் உள்ள சைக்கிளுக்கான செயினும் இன்னும் விற்கிறார்கள். கழற்றிய அசல் பாகம் எதையும் தூக்கி எறியாதீர்கள், பெயர் எழுதி ஒரு பெட்டியில் போடுங்கள். சுவரில் மாட்டிவைக்காமல் அவ்வப்போது ஓட்டவும் செய்யுங்கள். ஓடாத சைக்கிளில் கிரீஸ் கெட்டியாகி, கியர் விழாமல் போகும்.

கூரை ரேக் தனிக் கவனம் கேட்கும். இந்த ஜெட்டாவின் கூரையில் மழைநீர்ப் பள்ளம் கிடையாது, ரேக்கின் கால்கள் கதவுச் சட்டத்தைக் கவ்விக்கொண்டுதான் நிற்கின்றன. அடியில் இருக்கும் ரப்பருக்குள் மணலும் உப்பும் புகுந்தால் பெயின்ட்டைத் தேய்த்துத் தகட்டைக் காட்டிவிடும். விஸ்கான்சின் மாதிரி ரோட்டில் உப்புக் கொட்டும் ஊரில் பனிக்காலம் தொடங்கும் முன்பே ரேக்கைக் கழற்றி, கழுவி, வீட்டுக்குள் வையுங்கள். திரும்ப மாட்டியதும் இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிப் பாருங்கள். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு இன்னொரு முறை பாருங்கள்.

கூரையில் சைக்கிள் இருப்பதை மறந்து கராஜுக்குள் ஓட்டினால் அது வாசலில் இடிக்கும். அதனால் சைக்கிளை ஏற்றும்போதே கராஜ் ரிமோட்டைக் கையெட்டும் இடத்திலிருந்து எடுத்து டிக்கிக்குள் போட்டுவிடுங்கள். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி இறங்கினால்தான் கராஜ் கதவைத் திறக்க முடியும், அப்போது கூரையில் சைக்கிள் இருப்பது கண்ணில் படாமல் போகாது. வேறு எந்தப் பராமரிப்பையும்விட இந்த ஒரு பழக்கம்தான் சைக்கிளையும் ரேக்கையும் காப்பாற்றும்.

காரின் பாடியில் பெட்ரோல் ஊற்றும் வாயைச் சுற்றியும், முன்சக்கரத்துக்குப் பின்னால் மட்கார்டின் அடி ஓரத்திலும், கதவுக்குக் கீழேயும் துருவைத் தேடுங்கள். பனிக்காலத்தில் அடிப்பக்கத்தை அடிக்கடி கழுவுங்கள்.

கடைசியாக இன்ஷூரன்ஸ். சாதாரண பாலிசியில் இது ஒரு பழைய ஜெட்டா, அவ்வளவுதான். இரு தரப்பும் ஒப்புக்கொண்ட மதிப்பு போட்டுத் தரும் பாலிசியைத் தேடுங்கள். சைக்கிள் கூரையில் இருக்கும்போது யார் பொறுப்பு, வீட்டில் இருக்கும்போது யார் பொறுப்பு என்பதைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஒருவேளை விற்க நேர்ந்தால், சைக்கிளுக்கு மட்டும் நல்ல விலை தருகிறேன் என்று யார் வந்தாலும் பிரித்துக் கொடுக்காதீர்கள்.