எஸ்யுவிய ஆஃப்ரோடுக்கு கம்பேர் பண்றப்ப எங்க தப்பு பண்றோம்

நிறைய பேரு கிரவுண்ட் கிளியரன்ஸ் (வண்டி அடிப்பக்கத்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி) நம்பர மட்டும் பார்த்துட்டு ரெண்டு வண்டியும் ஒண்ணுதான்னு முடிவு கட்டிடுறாங்க. சுசுகி ஜிம்னியவே எடுத்துக்கோங்க, மூணு கதவு, அஞ்சு கதவு ரெண்டுக்கும் அதே 210 மிமீதான், ஆனா அஞ்சு கதவுக்கு வீல்பேஸ் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரம்) 340 மிமீ கூட, அதனால பிரேக்ஓவர் ஆங்கிள் (அடிவயிறு தட்டாம தாண்டக்கூடிய மேட்டோட கோணம்) 28 டிகிரில இருந்து 24க்கு வந்துருது, மேட்டுல ஏறி அந்தப் பக்கம் இறங்குறப்ப அடிவயிறு முதல்ல தட்டுறது அதுலதான். காம்பேக்ட் எஸ்யுவி பலதுல இன்னொரு வம்பு, முன் பம்பர் நீட்டிக்கிட்டு இருக்கும், டயர் ஏத்தத்த தொடுறதுக்குள்ள பம்பர் போய் முட்டிரும்.

அடுத்தது ஆல்வீல் டிரைவும் 4x4ம் ஒண்ணுன்னு நினைக்கிறது. லோ ரேஞ்ச் (வேகத்த குறைச்சு இழுவைய கூட்டுற கூடுதல் கியர்) இருக்கான்னு கேளுங்க மொதல்ல. ஜீப் ராங்ளர் ரூபிகான்ல அது 4:1, அதாவது சக்கரத்தோட வேகம் நாலுல ஒரு பங்கா குறைஞ்சு டார்க் (சக்கரத்த சுத்துற விசை) கிட்டத்தட்ட நாலு மடங்காகும், பாறை மேல நத்தை மாதிரி ஊர்ந்து போகலாம். அது இல்லாத காம்பேக்ட் வண்டில செங்குத்தா ஏற ஆக்சிலரேட்டர மிதிச்சுக்கிட்டே இருக்கணும், கியர்பாக்ஸ் சூடாகி வார்னிங் லைட் வந்துரும். ஆனா மழை ரோட்டுல கதையே வேற. பார்ட்டைம் 4x4 (வேணும்போது மட்டும் நாம போட்டுக்கிற 4x4) பலதுல முன், பின் சக்கரங்கள வேற வேற வேகத்துல சுத்த விடுற சென்டர் டிஃபரன்ஷியல் கிடையாது, பிடிப்புள்ள தார் ரோட்டுல 4x4 போட்டுட்டு திரும்புனா கியர், ஆக்சில் எல்லாம் முறுக்கிக்கும், ஆல்வீல் டிரைவ்ல அந்தக் கவலையே இல்ல.

எனக்கு ரொம்ப கடுப்பு ஏத்துறது டயர பத்தி பேசாம போடுற கம்பேரிசன் வீடியோதான். ஒண்ணுல மண்ணு, சேறுக்கும் ஏத்த ஆல்டெரெய்ன் டயர், இன்னொண்ணுல கம்பெனி ஹைவே டயர், சேத்துல எது ஜெயிக்கும்னு சின்னப் புள்ளையும் சொல்லும். மணல்ல பாருங்க, டயர்ல காத்த குறைச்ச லேசான காம்பேக்ட் வண்டி போயிரும், காத்த குறைக்காத கனமான லேடர் ஃபிரேம் (ஏணி மாதிரி இரும்புச் சட்டத்து மேல கட்டுன) வண்டி அங்கயே புதைஞ்சு நிக்கும்.

ஒரு சக்கரம் அந்தரத்துல தூக்குனா வண்டி வேஸ்ட்னு சொல்லிடாதீங்க, சுத்துற சக்கரத்த பிரேக் பிடிச்சு மத்ததுக்கு டார்க்க அனுப்புற டிராக்ஷன் கண்ட்ரோல் நல்லா இருந்தா கொஞ்ச நேரத்துல வெளிய வந்துரும்.

தண்ணி ஆழத்துக்கும் கிரவுண்ட் கிளியரன்ஸுக்கும் முடிச்சு போடாதீங்க. லேண்ட் ரோவர் டிஃபெண்டர் 110 ஏர் சஸ்பென்ஷனோட இருந்தா 900 மிமீ ஆழம் வரைக்கும் தண்ணில போகலாம்னு கம்பெனியே சொல்லுது. உங்க வண்டி புரோஷர்ல அப்படி நம்பரே இல்லன்னா பானெட்ட திறந்து ஏர் இன்டேக் (இன்ஜின் காத்து இழுக்குற வாய்) எவ்ளோ கீழ இருக்குன்னு பார்த்துட்டு அப்புறம் தண்ணில இறங்குங்க.