மொபெட் இன்ஜின் தட்டுகிறதா? பிரிப்பதற்கு முன் சத்தத்தைப் படிக்கும் முறை

1980-இல் ஓசூரிலிருந்து வெளிவந்த டி.வி.எஸ். 50-இலும் அதன் பின் வந்த எக்ஸ்.எல். சூப்பரிலும் இருப்பது 2-ஸ்ட்ரோக் இன்ஜின். அதன் சிலிண்டர் தலையில் வால்வு இல்லை. ஆகவே வால்வைத் தள்ளித் திறக்கும் டேப்பட்டும் இல்லை. பிஸ்டன், அதைக் கிராங்க் என்ற சுழல்தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட், அந்தக் கிராங்க், அதன் முனையில் சுழலும் காந்தச் சக்கரமான மேக்னட், கிளட்ச், சக்கரத்துக்குத் திருப்பம் கொண்டுசெல்லும் பற்சக்கரமும் செயினும் என்று சத்தம் எழக்கூடிய இடங்கள் சிலவே. இருந்தும் 'உள்ளே தட்டுகிறது' என்ற ஒரே சொல்லை நம்பி, கிராங்க் செட் முழுவதையும் மாற்றிவிட்டுப் பிறகு வருந்துவோர் பலர். அந்தச் செலவு பெரும்பாலும் தவிர்க்கக்கூடியது என்பதால், ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்னர் செய்ய வேண்டியவற்றை முதலில் சொல்கிறேன்.

சத்தம் எதைப் பின்தொடர்கிறது என்பதே முதல் கேள்வி. வண்டியை வெட்டவெளியில் நடு ஸ்டாண்டில் நிறுத்தி, செயினிலும் சக்கரத்திலும் வேட்டியோ துண்டோ சிக்காதபடி ஒதுக்கிக்கொண்டு, ஆக்சிலேட்டரைத் திருகாமல் இன்ஜினை ஐடிலில் ஓடவிடுங்கள். பின்சக்கரம் சுழலாத அந்த நிலையிலேயே சத்தம் கேட்டால், அது இன்ஜினுக்குள்ளோ மேக்னட் பக்கத்திலோ இருக்கிறது. ஐடிலில் அமைதியாக இருந்து, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் திருகி கிளட்ச் பிடிக்கும் கணத்தில் மட்டும் கரகரத்தால், கிளட்ச் ஷூவைப் பார்க்க வேண்டும். இன்ஜினை அணைத்துவிட்டு லேசான சரிவில் வண்டியை உருட்டும்போதும் சத்தம் தொடர்ந்தால், இன்ஜினை மறந்துவிட்டு, தளர்ந்த செயினையும் தேய்ந்த ஸ்பிராக்கெட்டையும் சக்கர பேரிங்கையும் கவனியுங்கள்.

இன்ஜினில்தான் என்று உறுதியானால், நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றின் நுனியைச் சிலிண்டர், கிராங்கைச் சுற்றியுள்ள கூடான கிராங்க் கேஸ், மேக்னட் மூடி என ஒவ்வோர் இடத்திலும் வைத்து, பிடியைக் காதருகே எலும்பில் அழுத்திக் கேளுங்கள். சத்தம் எந்த இடத்தில் கூர்மையாகிறதோ அந்த இடத்தின் அருகில்தான் குறை இருக்கும். சைலன்சர் சுடும் என்பதால் கையை அதிலிருந்து விலக்கியே வைத்திருங்கள்.

காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் மரப்பலகையைத் தட்டுவதுபோல் மந்தமாகக் கேட்டு, இரண்டு கிலோமீட்டர் ஓடிச் சூடேறியதும் குறைந்துபோவது, பிஸ்டனுக்கும் போர் எனப்படும் சிலிண்டர் உட்துளைக்கும் இடையில் இடைவெளி கூடிவிட்டதன் அடையாளம். வண்டியை இன்னும் சிறிது காலம் ஓட்டலாம். இழுவை குறைந்ததும் அந்தத் துளையைக் கடைந்து (போர் செய்து), அதற்கேற்ற சற்றுப் பெரிய ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுக்கொள்ளலாம். மேட்டில் லோடோடு ஏறும்போது மட்டும் தகர டப்பாவில் சில்லறையைக் குலுக்குவதுபோல் கலகலத்தால், பிஸ்டன் தலையில் படிந்த கரியையும், பொருத்தமற்ற பிளக்கையும், பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்த கலவையையும் சந்தேகியுங்கள். கரியைச் சுரண்ட இரும்புக் கத்தி வேண்டாம், அலுமினியம் கீறிவிடும். மூங்கில் பட்டையே போதும். மிக மெதுவாக ஓட்டும்போது 'பட்… பட்' என்று விட்டுவிட்டு வெடிப்பதோ, பல நேரங்களில் நோயே அல்ல. கலவை சற்றுச் செறிவாக இருக்கையில் 2-ஸ்ட்ரோக் இன்ஜின் இடைவிட்டு எரிவது இயல்பு.

அஞ்ச வேண்டியது கிராங்க் கேஸிலிருந்து வரும் கனத்த 'டங் டங்' ஓசை. வேகத்தைக் கூட்டும்போதும் குறைக்கும்போதும் அது மாறினால், கனெக்டிங் ராடில் கிராங்கோடு சேரும் பெரிய முனையின் பேரிங் தேய்ந்திருக்கலாம். ஆனால் இதே ஓசையை அச்சுப் பிசகாமல் எழுப்பும் வேறொரு குறை உண்டு: மேக்னட் நட் தளர்ந்துபோவது. பால் ஊற்றுபவர் ஒருவர், கிராங்க் போய்விட்டது என்று வேறோர் இடத்தில் சொல்லிவிட்டார்கள் என்று கலங்கிப்போய் என்னிடம் தம் வண்டியைக் கொண்டுவந்தார். மூடியைக் கழற்றிப் பார்த்தபோது, அந்த நட் ஸ்பேனரே இல்லாமல் என் விரலுக்குத் திரும்பியது. மேக்னட்டைக் கிராங்கில் நிலையாகப் பிடித்துவைக்கும் கீ என்ற சிறு உலோகத் துண்டு ஒரு பக்கம் நசுங்கி, மேக்னட் கிராங்க் முனையில் ஆடிக்கொண்டிருந்தது. புதிய கீ ஒன்றைப் போட்டு, நட்டை இறுக்கியதும் சத்தம் நின்றது. அன்றிலிருந்து, மேக்னட் மூடியைத் திறந்து பார்க்காமல் கிராங்கைப் பற்றி நான் வாய் திறப்பதில்லை.

மேக்னட் இறுக்கமாக இருந்தால் அடுத்த சோதனை இது. ஆறிய இன்ஜினில் பிளக்கைக் கழற்றி, குளிர்பானம் குடிக்கும் பிளாஸ்டிக் குழலை அந்தத் துளை வழியே பிஸ்டன் தலையைத் தொடும்படி பிடியுங்கள். இரும்புக் கம்பி வேண்டாம், சிலிண்டர் சுவரிலுள்ள போர்ட் என்ற வாயில்களில் சிக்கிக்கொள்ளும். பிஸ்டனைப் பாதி வழிக்குக் கொண்டுவந்து, மேக்னட்டை இரு கையாலும் பிடித்து மயிரிழை அளவு முன்னும் பின்னும் அசைக்கும்போது, அருகில் ஒருவர் குழலைக் கவனிக்கட்டும். மேக்னட் அசைந்தவுடன் குழலும் அசைய வேண்டும். குழல் நின்றுகொண்டிருக்க மேக்னட் மட்டும் நகர்ந்து, உள்ளே 'டக்' என்று ஒலித்தால், ராடில் ஆட்டம் விழுந்துவிட்டது. அதன் பிறகு சிலிண்டரைக் கழற்றி ராடைக் கையால் பிடித்துப் பாருங்கள்: பக்கவாட்டில் சிறிது அசையலாம், மேலும் கீழும் துளிகூட அசையக் கூடாது. ஆட்டம் பிஸ்டனோடு சேரும் சிறிய முனையில் மட்டும் என்றால், அங்குள்ள பிஸ்டன் பின்னையும் அதன் பேரிங்கையும் மாற்றினால் போதும்.

உஸ் என்ற சீறலுக்குச் சோப்பு நீர் நல்ல துணை. கார்புரேட்டர் சேரும் இடத்திலும் சிலிண்டர் பேக்கிங்கைச் சுற்றியும் ஐடிலில் தடவிப் பாருங்கள். நீர் உள்ளிழுக்கப்பட்டாலோ குமிழி எழுந்தாலோ அங்கே காற்று கசிகிறது. இதை நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள், கசியும் காற்று கலவையை மெலிதாக்கி, பிஸ்டனைச் சூட்டில் சிலிண்டரோடு இறுகிப் பிடிக்க வைத்துவிடும். சைலன்சர் மூட்டில் 'சப் சப்' என்ற ஓசையோடு கறுத்த எண்ணெய்க் கறை தெரிந்தால், பேக்கிங் மாற்றுவதோடு வேலை முடிந்தது.

ஓடிக்கொண்டிருக்கும்போதே கீச்சென்று இழுத்து வேகம் தானாகக் குறைந்தால், உடனே ஆக்சிலேட்டரை விட்டு இன்ஜினை அணைத்துவிடுங்கள். பிஸ்டன் பிடிக்கத் தொடங்கிவிட்டது. இந்த இன்ஜினில் உயவு எண்ணெய் பெட்ரோலோடு கலந்துதான் உள்ளே போகிறது. எண்ணெயின் அளவை வண்டிக்குரிய கையேட்டின்படி விடாமல் சேர்க்க வேண்டும். ஏற்காடு, கொல்லிமலை போன்ற நீண்ட இறக்கங்களில் ஆக்சிலேட்டரை முழுவதும் மூடியே இறங்கினால், சுழலும் இன்ஜினுக்குப் பெட்ரோலோடு எண்ணெயும் குறைந்துபோகும் என்பதால், அவ்வப்போது சற்றுத் திருகிவிடுங்கள்.

2015-இல் வந்த எக்ஸ்.எல். 100 மட்டும் இதில் வேறு: அது 4-ஸ்ட்ரோக். அதன் தலையிலிருந்து தையல் இயந்திரம் போல் 'டிக் டிக்' என்று சீராகக் கேட்டால், முதலில் ஆயில் அளவையும், பிறகு முழுதும் ஆறிய இன்ஜினில் டேப்பட் இடைவெளியையும் பார்க்க வேண்டும்.