ஆத்தங்குடித் தரையில் ஒரு சின்ன விளையாட்டு செய்ய

தனியாளாகச் சோதனை முயற்சியாக வீடியோ கேம் செய்பவர் முதலில் குறைக்க வேண்டியது இடத்தை. செட்டிநாட்டு வீடு என்றதும் திண்ணையிலிருந்து மூன்றாங்கட்டு வரை கட்டிவிடத் தோன்றும். வளவு (வீட்டின் நடு முற்றமும் சுற்றுத் தாழ்வாரமும்) மட்டும் போதும். விதியும் ஒன்றே: தரையில் சிவப்பு ஆத்தங்குடிக் கல்லை (கையால் வார்த்த தரை ஓடு) மிதித்தால் வீட்டின் ஓசை அடங்கும், வெள்ளையை மிதித்தால் திரும்பும். புள்ளி, எதிரி, ஆயுள் எதுவும் வேண்டாம்.

விளையாட்டில் பதிக்க உண்மையான வீட்டுத் தரையைப் படம் எடுக்குமுன் அனுமதி வாங்குங்கள். பல வீடுகள் பங்காளிகளுக்குப் பொது. சாவி வைத்திருப்பவர் தலையாட்டினால் மட்டும் போதாது.

கல் வழக்கமாக 8 அங்குலச் சதுரம். கண்ணாடிமேல் வார்ப்பதால் முகம் வழவழவென்று இருக்கும், எண்ணெய் போட்டுத் துடைத்த தரையென்றால் வானமே அதில் தெரியும். அதனால் வளவில் வெயில் இறங்குமுன், போனைத் தரைக்கு நேர்மேலே பிடித்து, சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் நான்கு கல்லைச் சேர்த்து எடுங்கள். 1024×1024 பிக்சலாக வெட்டி, கிரிட்டா, கிம்ப் போன்ற படம் திருத்தும் மென்பொருளில் படத்தைக் குறுக்கிலும் நெடுக்கிலும் 512 பிக்சல் நகர்த்தினால், படம் அடுத்தடுத்து ஒட்டும் விளிம்பு நடுவில் வந்து தெரியும், அங்கே திருத்துங்கள். ஒரு கீறலை விட்டுவைத்தாலும் அது தரை முழுக்க வரிசையாக நிற்கும்.

விளையாட்டு செய்யும் மென்பொருளான கோடோவில் 1 அலகு 1 மீட்டர், கல் 0.2032. 10 மீட்டர் தரைக்குப் பக்கத்துக்கு 49.2 கல், படத்தில் பக்கத்துக்கு இரண்டு கல் இருப்பதால் யூவி அளவு (படம் தரையில் பக்கத்துக்கு எத்தனை முறை திரும்ப வரும் என்பது) 24.6. கால் எந்தக் கல்லில் இருக்கிறது என்று கணக்கிடும்போது தரையின் மூலையிலிருந்து அளக்க வேண்டும். நடுவிலிருந்து அளந்தால் 0.6 கல் விலகி, கண்ணுக்குச் சிவப்பு, காதுக்கு வெள்ளை என்றாகிவிடும்.

அடுத்த சிக்கல் வேகம். நொடிக்கு 1.4 மீட்டர் நடந்தால் ஏழு கல் கடந்துபோகும், ஓசை படபடக்கும். ஆகவே பாதம் பதியும் கணத்தில் மட்டும் நிறத்தைப் பாருங்கள். விளையாட்டே இங்கேதான் பிறக்கிறது: அடி நீளம் 0.6096 (மூன்று கல்) என்றால் நேர்நடையில் நிறம் மாறி மாறி வரும், ஓட்டத்துக்கு 0.8128 (நான்கு கல்) வைத்தால் தொடங்கிய நிறமே நீடிக்கும். மௌனம் நீடிக்க வேண்டுமென்றால் ஓட வேண்டும்! இதை எங்கும் எழுதிக் காட்டாதீர்கள்.

ஓசையைச் சட்டென வெட்டினால் 'டப்' என்று கேட்கும், 0.1 நொடியில் தணியுங்கள். வீட்டின் ஓசைப் பதிவில் காக்கை ஒருமுறை கரைந்தால், திரும்பத் திரும்ப ஓடும் ஒரு நிமிடச் சுழற்சியில் நிமிடத்துக்கொரு தடவை அதே காக்கை வரும். அதை வெட்டிவிடுங்கள்.

விளையாட்டை வெளியிட இட்ச்.ஐஓ தளத்தில் கட்டணம் இல்லை. விளையாட்டு விற்கும் இன்னொரு தளமான ஸ்டீமில் ஒரு விளையாட்டுக்கு 100 டாலர். விற்பனை 1,000 டாலர் எட்டினால்தான் அது திரும்பும்.