பிஎம்ஆர் எடுக்க நினைக்கும் நம்மூர் டாக்டர்களுக்கு

நம்ம திருநெல்வேலி ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் சிஆர்ஆர்ஐ (எம்பிபிஎஸ் கடைசியில் வரும் இன்டர்ன்ஷிப்) முடிக்கப்போகிற தம்பி தங்கைகள் சிலர், "அண்ணே, பிஎம்ஆர் எடுக்கலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒரு குழப்பம் தீரட்டும். பிஎம்ஆர் (ஃபிசிக்கல் மெடிசின் அண்ட் ரிஹாபிலிட்டேஷன், அதாவது மறுவாழ்வு மருத்துவம்) என்பது ஃபிசியோதெரபி படிப்பு இல்லை. எம்பிபிஎஸ் முடித்த டாக்டர் நீட் பிஜி எழுதி மூன்று வருஷம் படிக்கிற எம்.டி. அது, அதற்குச் சமமான டிஎன்பி பட்டமும் உண்டு. தண்டுவடக் காயம், பக்கவாதம், தலைக்காயம், மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகள், கால் எடுக்கப்பட்டவர்கள், இவர்கள்தான் நம் நோயாளிகள். ஃபிசியோதெரபிஸ்ட், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், செயற்கைக்கால் செய்பவர், நர்ஸ், சோஷியல் ஒர்க்கர் எல்லோரோடும் உட்கார்ந்து, இந்த மனிதர் ஆறு மாதம் கழித்து என்ன செய்துகொண்டிருக்க வேண்டும் என்று முடிவு பண்ணுவதும், அதற்கு நடுவில் வரும் வைத்தியச் சிக்கல்களைப் பார்ப்பதும் நம் வேலை.

சேருவதற்கு முன் கண்ணால் பாருங்கள். இன்டர்ன்ஷிப்பில் ஆர்த்தோவோடு சேர்த்துத்தான் பிஎம்ஆருக்கு நாள் ஒதுக்குகிறார்கள், அது ஓடியே போய்விடும். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தள்ளிவிட்டு வேலைநாளாகப் பார்த்துத் தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடிக்குப் போய்விட்டு வாருங்கள். 1975-ல் கடற்படைத் தேர்வின்போது கீழே விழுந்து கழுத்துக்குக் கீழே அசைவிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் அங்கே மாற்றுத்திறனாளிகளுக்காகத் தொடங்கிய அமர் சேவா சங்கம் இருக்கிறது. கேட்டு அனுமதி வாங்கி ஒரு நாள் முழுக்க ஓரமாக நின்று பாருங்கள். சாயந்திரம் பஸ் ஏறும்போது மனசு கனத்தால் பரவாயில்லை, எரிச்சல் வந்தால் மட்டும் வேறு பிரிவு யோசியுங்கள். இந்தத் துறையில் எதுவும் ஒரே நாளில் நடக்காது. அந்தப் பொறுமை இல்லாதவருக்கு மூன்று வருஷம் ரொம்ப நீளம்.

கவுன்சிலிங் விஷயம் சுருக்கமாக. அரசுக் கல்லூரி சீட்டில் பாதி அகில இந்திய ஒதுக்கீட்டுக்கும் பாதி மாநில ஒதுக்கீட்டுக்கும் போகும், இரண்டிலும் பதிவு பண்ணுங்கள். பிஎம்ஆர் சீட் நாடு முழுக்கவே குறைவு, ஆகவே சென்னை கே.கே. நகர், வேலூர் சிஎம்சி என்று மட்டும் நிற்காமல் திருவனந்தபுரம், மும்பை ஹாஜி அலி எல்லாவற்றையும் லிஸ்டில் போடுங்கள், டெல்லி எய்ம்ஸுக்கு மட்டும் ஐஎன்ஐ-செட் என்ற தனித் தேர்வு எழுத வேண்டும். நம்மூரிலிருந்து பார்த்தால் சென்னையைவிடத் திருவனந்தபுரம் கிட்டதானே. இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அங்கே படிக்கிற சீனியரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: சொந்தமாகப் படுக்கை வைத்த வார்டு இருக்கிறதா? வெறும் ஓபி மட்டும் உள்ள இடத்தில் முக்கூடலிலிருந்து பீடி சுற்றிக் கழுத்துவலியோடு வரும் அக்காவைப் பார்க்கக் கற்றுக்கொள்ளலாம், தண்டுவட நோயாளியைப் பார்க்கக் கற்றுக்கொள்ள முடியாது.

முதல் வருஷம் சிறுநீரும் தோலும்தான். சிரிக்காதீர்கள், நம் நோயாளிகள் பலரின் உயிருக்கு உலை வைப்பது இவை இரண்டும்தான். நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை சுத்தமான டியூப் போட்டுச் சிறுநீரை எடுக்க நோயாளிக்கே கற்றுக்கொடுங்கள், ஒரு தடவைக்கு 500 மில்லிக்கு மேல் சேரவிடக் கூடாது. படுத்திருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பி விட வேண்டும். மார்புத் தண்டுவடத்தின் ஆறாவது மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவர், "தலை வெடிக்குது டாக்டர்" என்று வியர்த்துக் கொட்டினால், மாத்திரை தேடி ஓடாதீர்கள். நிமிர்த்தி உட்காரவைத்து, உடுப்பைத் தளர்த்தி, சிறுநீர் டியூப் எங்கே மடங்கியிருக்கிறது என்று பாருங்கள். பிரஷர் எகிறுவதற்குக் காரணம் அநேகமாக அங்கேதான் இருக்கும். பிரஷரை விடாமல் பார்த்துக்கொண்டே இருங்கள். அடைப்பை எடுத்தும் இறங்காவிட்டால் அப்புறம் மருந்து.

இரண்டாம் வருஷம் கை வேலை வரும். இறுகிய தசைக்கு போட்டாக்ஸ், ஃபீனால் ஊசி, நரம்புப் பரிசோதனை, மாவுக்கட்டை மாற்றி மாற்றிப் போட்டுக் காலை நிமிர்த்துவது, செயற்கைக்காலுக்கு அளவு பார்ப்பது. இவையெல்லாம் பழகப் பழக வந்துவிடும். தீசிஸை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

நான் வருத்தத்தோடு கற்றுக்கொண்ட ஒன்று இருக்கிறது. திசையன்விளைப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர், பனையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே முழுக்கப் போய்விட்டது. மூன்று மாதம் என் வார்டில் இருந்தார். பனையேறிய கை, என்ன பலம்! வழுவழுப்பான வராண்டாவில் வீல்சேரைப் பறக்கவிடுவார். எழுந்து உட்கார, கட்டிலிலிருந்து வண்டிக்கு மாற, எல்லாம் பத்தே வாரத்தில் படித்துவிட்டார். 'வீல்சேர் பயிற்சி முடிந்தது' என்று பெருமையாக எழுதி அனுப்பினேன். இரண்டு மாதத்தில் பிட்டத்துக்கு மேலே உள்ளங்கை அகலப் புண்ணோடு திரும்பி வந்தார். ஏன், வண்டியில் உட்காரவில்லையா என்று கேட்டேன்.

"எங்க தெருவு பூராவும் தேரி மணலுல்லா டாக்டரு. முன்சக்கரம் புதையுது. தள்ளுததுக்கு எத்தன நாளு ஆளு கூப்பிட முடியும்? கட்டில்லயே கிடந்துட்டேன்."

அந்தச் சிவப்பு மண்ணில் சின்ன வயசில் நான் விளையாடியிருக்கிறேன். சைக்கிளே ஓடாது அதில். மூன்று மாதத்தில் ஒரு நாள்கூட, வீட்டு வாசலில் என்ன மண் என்று நான் கேட்கவில்லை. புண் ஆற நான்கு மாதம் ஆனது. அதற்குள் அவர் மச்சான் வாசலிலிருந்து ரோடு வரைக்கும் கடப்பாக்கல் பதித்து முடித்திருந்தார். அதை முதல் வாரத்திலேயே சொல்லியிருந்தால் அந்தப் புண்ணே வந்திருக்காது.

அதனால் அட்மிஷன் போடும் அன்றைக்கே கேளுங்கள். வாசலில் எத்தனை படி, கதவு எவ்வளவு அகலம், கக்கூஸ் வீட்டுக்குள்ளா கொல்லையிலா, ரோடு தாரா மண்ணா, பகலில் கூட யார் இருப்பார்கள். போன் வைத்திருக்கிற மகனிடம் வாசலைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால் ஐந்து நிமிஷ வேலை. ஒரு அடி உயரம் ஏற பன்னிரண்டு அடி நீளச் சரிவு வேண்டும் என்பதைக் கொத்தனாருக்குப் புரியும்படி தாளில் வரைந்து கொடுங்கள், இல்லாவிட்டால் சறுக்குமரம் மாதிரி கட்டிவிடுவார்.

ஊனச் சான்றிதழ் வேலையை எழுத்துவேலை என்று வெறுக்கிற ரெசிடென்ட்கள் உண்டு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை ஊனத்தைச் சொல்கிறது, அதில் பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் வேண்டும். ராதாபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி ஒருவர் வந்திருப்பார். அளவுகோலைச் சரியாகப் படித்துவைத்து அன்றைக்கே முடித்து அனுப்புங்கள்.

படிப்புக்கு நடுவே மூன்று மாதம் மாவட்ட ஆஸ்பத்திரியில் போடுவார்கள். இடம் நம் கையில் முழுக்க இல்லை, கேட்டுப் பார்க்கலாம். எங்கே போட்டாலும், டிஸ்சார்ஜ் ஆகிப் போன இரண்டு பேர் வீட்டுக்காவது ஒரு சாயந்திரம் போய்வாருங்கள். பையில் ஸ்டெதஸ்கோப்போடு ஒரு இஞ்ச் டேப்பும் இருக்கட்டும், கதவை அளக்க.