ஊட்டிக் குளிரில் அரையாண்டு விடுமுறை

டிசம்பரில் பிள்ளைகளை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தால் இரண்டாம் நாளே சண்டை வந்துவிடும், அதனால் முதல் நாள் ராத்திரியே ஆரம்பியுங்கள். மேகமில்லாத ராத்திரியில் ஒரு தட்டில் கால் அங்குலம் தண்ணீர் ஊற்றி, ஒரு பூவைப் போட்டு, திறந்த புல்தரையில் வையுங்கள். தரையின் சூடு மேலே போய்விடுவதால் உறைபனி விழும், அன்றைக்கு நல்ல குளிரென்றால் காலையில் பூ பனிக்கட்டிக்குள் இருக்கும். எழுப்பாமலே எழுந்து ஓடுவார்கள், குல்லா போட்டு அனுப்புங்கள், வெயில் வந்தால் உருகிவிடும். முதல் நாள் உறையாவிட்டால் மறுநாளும் வைக்கலாம், அந்தக் காத்திருப்பே அவர்களுக்குப் பிடிக்கும்.

பகலில் தைல மரத்தடியில் காய் பொறுக்கட்டும், சுண்டினால் பம்பரம் போலச் சுற்றும். ஒரு நாள் தாவரவியல் பூங்கா. அங்கே 2 கோடி ஆண்டுப் பழைய கல்மரத்தைக் காட்டி, மரம் எப்படிக் கல்லாச்சு என்று அவர்களையே கேளுங்கள்.