தூண்டுதலும் சுய நினைவும்: மறைநூல் எழுதப்பட்ட விதத்தை ஐந்து ஞாயிறுகளில் படிப்பது எப்படி

உயில் எழுத வருகிறவர்களுக்கு நான் தவறாமல் எழுதும் வரி ஒன்று உண்டு. நல்ல நினைவுடனும் தெளிந்த மனதுடனும், பிறருடைய தூண்டுதலோ வற்புறுத்தலோ இல்லாமல், முழுச் சம்மதத்தோடு எழுதிவைக்கும் உயில் இது என்ற வரி. கிருஷ்ணகிரியில் அப்பா உட்கார்ந்திருந்த அதே மேசையில் 26 ஆண்டுகளாக ஆவணம் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்ததும் எங்கள் பங்குக் கோவிலில் இளையோருக்கு விவிலிய வகுப்பு எடுக்கிறேன். இந்த இரண்டு வேலைகளும் ஒரு நாள் ஒன்றோடொன்று மோதும் என்று நான் எண்ணியதே இல்லை.

சென்ற ஆண்டு மாம்பழப் பருவம். கூழ்த் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து நேராக வகுப்புக்கு வந்திருந்த ஒரு தம்பி எழுந்து கேட்டான்: "டீச்சர், தூண்டுதல் இருந்தால் உயில் செல்லாது என்கிறீர்கள். விவிலியத்தில் 2 திமொத்தேயு 3:16-இல் 'மறைநூல் அனைத்தும் கடவுளின் தூண்டுதல் பெற்றுள்ளது' என்று இருக்கிறது. அது மட்டும் எப்படிச் செல்லும்? எழுதியவருடைய சம்மதம் எங்கே போயிற்று?"

அன்று நான் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ஐந்து ஞாயிறுகள் படித்தோம். உங்கள் பங்கிலோ, அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியத்திலோ இதே கேள்வி எழுந்தால் உதவும் என்று, நாங்கள் படித்த வழியை இங்கே எழுதுகிறேன். ஆளுக்கு ஒரு விவிலியம், ஒரு நோட்டு, ஒரு பென்சில் போதும். ஒரு வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

முதலில் ஓர் எச்சரிக்கை. 2 திமொத்தேயுவிலிருந்து தொடங்காதீர்கள். அங்கே உள்ள கிரேக்கச் சொல் தெயோப்னெயுஸ்தோஸ். 'கடவுளின் மூச்சால் வந்தது' என்று பொருள். விவிலியம் முழுவதிலும் அந்த ஓர் இடத்தில்தான் அது வருகிறது. பழைய மொழிபெயர்ப்பு 'தேவ ஆவியினால் அருளப்பட்டிருக்கிறது' என்று சொல்லும். மூச்சு யாருடையது என்பதை அந்தச் சொல் தெளிவாகச் சொல்கிறது. அது எழுதுகிறவரிடம் காது வழியாக வந்ததா, கனவாக வந்ததா, கண்ணீராக வந்ததா என்பதைச் சொல்லவில்லை. அதை அறிய வேண்டுமானால், எழுதியவர்கள் எழுதிக்கொண்டிருக்கும்போதே அவர்கள் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். அப்படி உட்கார விவிலியமே பல இடங்களில் நமக்கு நாற்காலி போட்டு வைத்திருக்கிறது.

முதல் ஞாயிறு லூக்கா நற்செய்தி 1:1-4 மட்டும். நான்கே வசனம். நிறுத்தி நிறுத்தி மூன்று முறை வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு, லூக்கா தான் செய்ததாகச் சொல்லும் வேலைகளைப் பட்டியலிடச் சொல்லுங்கள். தமக்கு முன்பே பலர் எழுத முயன்றார்கள் என்கிறார். கண்ணால் கண்டவர்கள் ஒப்படைத்ததைச் சொல்கிறார். தொடக்கத்திலிருந்து எல்லாவற்றையும் விசாரித்து, ஒழுங்குபடுத்தி, தியோபிலுக்கு எழுதுவதாகச் சொல்கிறார். குரல் கேட்டதாகவோ வானதூதர் வந்ததாகவோ அந்த முன்னுரையில் ஒரு சொல் இல்லை. எனக்கு இது பழக்கமான வேலை. ஒரு கிரயம் எழுதுவதற்கு முன் தாய்ப்பத்திரத்தைக் கேட்டு வாங்குகிறேன், வில்லங்கம் போட்டுப் பார்க்கிறேன், பக்கத்து நிலத்துக்காரரை விசாரிக்கிறேன். லூக்கா செய்ததும் அதுதான்.

இந்த இடத்தில் சில முகங்கள் வாடும். 'இவ்வளவுதானா' என்று ஒரு பெண் கேட்டாள். அவசரப்பட்டு ஆறுதல் சொல்லிவிடாதீர்கள். அந்த ஏமாற்றத்தோடேயே 2 மக்கபேயருக்குப் போங்கள். 2:23 முதல் அதிகார முடிவு வரையும், 15:38-39-உம். சீரேனைச் சேர்ந்த யாசோன் ஐந்து தொகுதிகளாக எழுதியதை ஒரே நூலாகச் சுருக்கியதாக அந்த ஆசிரியர் சொல்கிறார். அதற்காக வியர்வை சிந்தியதையும் தூக்கம் இழந்ததையும் மறைக்கவில்லை. முடிவில், நன்றாக அமைந்திருந்தால் நான் விரும்பியது அதுவே, குறையாக இருந்தால் என்னால் முடிந்தது அவ்வளவுதான் என்கிறார். நம் கத்தோலிக்க விவிலியத்தின் 73 நூல்களில் ஒன்று இப்படி முடிகிறது! 2 மக்கபேயர் இல்லாத, 66 நூல்கள் கொண்ட விவிலியம் வைத்திருக்கும் நண்பர்கள் வகுப்பில் இருந்தால், நீதிமொழிகள் 25:1-ஐ எடுங்கள். சாலமோனின் மொழிகளை எசேக்கியா அரசரின் ஆட்கள் பெயர்த்தெழுதித் தொகுத்ததாக அந்த வசனமே சொல்கிறது.

இரண்டாம் ஞாயிறு எரேமியா 36. ஐந்து வாரங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இதற்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இறைவாக்கினர் எரேமியா சொல்லச் சொல்ல, அவருடைய எழுத்தர் பாரூக்கு சுருளில் எழுதுகிறார். அதிகாரிகள் பாரூக்கை அழைத்து, இதை எப்படி எழுதினாய் என்று கேட்கிறார்கள். அவர் சொல்கிறார், நான் மையால் எழுதினேன். பதிவு அலுவலகத்தில் நிற்கும் எவரும் சொல்லக்கூடிய பதில்! பிறகு குளிர்கால மாளிகையில், எரியும் கணப்பின் முன், மூன்று நான்கு பத்திகள் வாசிக்கப்பட்டதும் அவற்றைக் கத்தியால் அறுத்துத் தீயில் போடுகிறான் அரசன் யோயாக்கிம். முழுச் சுருளும் எரிந்துபோகிறது. எரேமியா மறுபடி சொல்ல, பாரூக்கு மறுபடி எழுதுகிறார்.

36:32-இல் கடைசி வாக்கியத்துக்குக் கீழே கோடு போடச் சொல்லுங்கள். முன்பு எழுதியதோடு அதுபோன்ற வேறு பல சொற்களும் சேர்க்கப்பட்டன. வானத்தில் ஒரு மூலப்படி இருந்து, அதை எழுத்துக்கு எழுத்து இறக்கியிருந்தால், இரண்டாம் சுருள் முதல் சுருளாகத்தானே இருந்திருக்க வேண்டும்?

இதை விளக்க நான் ஒரு பாட்டியின் கதையைச் சொன்னேன். வேப்பனப்பள்ளிப் பக்கத்திலிருந்து வந்தவர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். தன் நிலத்தை மகளுக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிவைக்க வேண்டும். கணவர் கிணறு வெட்டிய கதை, மழை பொய்த்த ஆண்டு, எந்தப் பிள்ளை களி கிண்டிப் போட்டது என்று ஒரு மணி நேரம் பேசினார். நான் அதைத் தமிழில் இரண்டு பக்கமாக எழுதி, தெலுங்கில் வாசித்துக் காட்டினேன். "நேனு செப்பிந்தி இதே" என்றார், நான் சொன்னது இதுதான் என்று. அவர் வாயிலிருந்து வந்த சொல் ஒன்றுகூட அதில் இல்லை; ஆனால் எல்லாமே அவர் சொன்னவைதான். கைரேகை வைக்கப் போனவர் நிறுத்திக் கேட்டார், புளியமரம் எங்கே? நான்கெல்லைக்குள் நின்ற புளியமரத்தை நான் விட்டிருந்தேன். மரம் எழுத்தில் ஏறிய பிறகே கையை மையில் தோய்த்தார்.

வகுப்பில் ஒரு பயிற்சி செய்யுங்கள். ஒருவர் தன் வாழ்வில் நடந்ததைச் சொல்ல, மற்றவர் தன் சொற்களில் எழுதி வாசித்துக் காட்டட்டும். 'நான் சொன்னது இதுதான்' என்ற பதில் வரும்வரை திருத்தட்டும். இது யாருடைய எழுத்து என்று பிறகு கேளுங்கள். எங்கள் வகுப்பில் இருவரும் ஒரே நேரத்தில் 'என்னுடையது' என்றார்கள்.

இந்த உவமைக்கும் ஓர் எல்லை உண்டு, அதையும் சொல்லிவிடுங்கள். பாட்டியின் மகள்மேல் எனக்கு அன்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பத்திரம் செல்லும். பாவ மன்னிப்புக்காக மன்றாடும் திருப்பாடல் 51-ஐ அப்படி எழுத முடியாது. எழுதியவருடைய சொந்த உடைவு அதில் இருக்கிறது.

மூன்றாம் ஞாயிறு திருத்தூதர் பவுலின் கடிதம். இதற்கு அரை மணி போதும். 1 கொரிந்தியர் 1:14-16-இல் கிறிஸ்புவையும் காயுவையும் தவிர உங்களில் யாருக்கும் திருமுழுக்குக் கொடுக்கவில்லை என்கிறார். உடனே நினைவு வந்து ஸ்தேவனாவின் வீட்டாரைச் சேர்க்கிறார். மற்றபடி யாருக்கும் கொடுத்ததாக நினைவில்லை என்று முடிக்கிறார். மறதியும் மறைநூலுக்குள் வந்துவிட்டது. 7-ஆம் அதிகாரத்தில் இது ஆண்டவருடைய கட்டளை, இது என் கருத்து என்று அவரே பிரித்துச் சொல்கிறார். இரண்டையும் நாம் மறைநூல் என்றே வாசிக்கிறோம்.

நான்காம் ஞாயிறு கடினமானது. தாவீது அரசர் மக்களைக் கணக்கெடுத்து, பிறகு அது பாவம் என்று வருந்திய கதையை இரண்டு இடங்களில் வாசியுங்கள். 2 சாமுவேல் 24:1-இல் தாவீதைத் தூண்டுவது ஆண்டவர். 1 குறிப்பேடு 21:1-இல் தூண்டுவது சாத்தான். நான் ஒருமுறை ஒரு கிரயப் பத்திரத்தில் கிழக்கு எல்லையையும் மேற்கு எல்லையையும் மாற்றி எழுதிவிட்டேன். வாங்கியவர் கடனுக்குப் போனபோதுதான் தெரிந்தது. பிழைதிருத்தல் பத்திரம் போட, விற்றவரைத் தேடி அழைத்துவர மூன்று மாதம் ஆயிற்று. அந்த மூன்று மாதமும் எனக்குச் சரியான தூக்கம் இல்லை. அதனால் முரண்பட்ட இரண்டு எழுத்துகளைப் பார்த்தால் என் கை தானாகவே திருத்தப் போகும். மறைநூலைக் காத்துவந்தவர்கள் திருத்தவில்லை. கடவுளைத் தீமைக்குக் காரணர் ஆக்கலாமா என்ற கேள்வியோடு பிற்காலத்தவர் ஒருவர் அதே கதையை வேறு விதமாக எழுதினார். பழையதையும் புதியதையும் சேர்த்தே வைத்தார்கள். தூய ஆவி ஓர் ஆளிடம் ஒரு நாளில் முடித்துவிட்ட வேலை அல்ல இது. ஒரு மக்களினம் பல தலைமுறைகளாகக் கற்றுக்கொண்டே வந்ததற்குள்ளும் அந்த மூச்சு ஓடியிருக்கிறது என்றே நான் நம்புகிறேன்.

திருப்பாடல் 137:9-ஐயும் யாராவது கேட்பார்கள். குழந்தைகளைப் பாறையில் மோதுவது பற்றிய வரி. தவிர்க்காதீர்கள். நாடு கடத்தப்பட்டவர்களின் குமுறல் அது. கடவுளின் மூச்சு அவர்களுடைய வாயைக் கழுவிவிட்டுப் பேசவைக்கவில்லை. அந்த வரியைக் கடவுளின் கட்டளையாக வாசிப்பதை நான் ஏற்கவில்லை; கடவுள் முன் கொட்டப்பட்ட காயமாகவே வாசிக்கிறேன்.

ஐந்தாம் ஞாயிறுதான் கொள்கைகளுக்குப் போக வேண்டும். இப்போது பிள்ளைகளே எடைபோடுவார்கள். 2-ஆம் நூற்றாண்டில் அத்தெனாகோரஸ் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர், குழல் ஊதுகிறவர் குழலுக்குள் ஊதுவதுபோல ஆவியார் இறைவாக்கினரைப் பயன்படுத்தினார் என்றார். குழலுக்கு மறதி வருமா, தூக்கம் கெடுமா என்று எங்கள் வகுப்பே கேட்டுவிட்டது. பிற்கால இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் கருவி என்ற சொல்லை இன்னும் கவனமாகக் கையாண்டார். கருவி தன் இயல்புக்கு ஏற்றபடியே செயல்படும் என்றார். அப்பா இரண்டு பேனாக்கள் வைத்திருந்தார். எழுதிய கை ஒன்றுதான், ஆனால் ஒன்றில் எழுத்து தடித்து விழும், மற்றதில் மெலிந்து விழும். கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பர் 18 அன்று வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டின் 11-ஆம் பகுதி இன்னும் ஒரு படி மேலே போகிறது. கடவுள் மனிதரைத் தேர்ந்து, அவர்களுடைய சொந்த ஆற்றல்களோடும் திறமைகளோடும் அவர்களைப் பயன்படுத்தினார். அவர்கள் உண்மையான ஆசிரியர்களாகவே எழுதினார்கள் என்கிறது.

2 பேதுரு 1:21-இல் ஆவியால் 'ஏவப்பட்டு' என்ற இடத்தில் உள்ள கிரேக்க வினை, கொண்டுசெல்லப்படுவதைக் குறிப்பது. திருத்தூதர் பணிகள் 27:15, 17-இல் காற்று கப்பலை அடித்துச் செல்வதற்கும் அதே வினைதான். அதிகாரத்தைத் தொடர்ந்து வாசியுங்கள். கப்பல் காற்றின் போக்கில் போகிறது, மாலுமிகள் சும்மா இருக்கவில்லை. கயிறு கட்டுகிறார்கள், சரக்கை எறிகிறார்கள். ஒகேனக்கல்லில் பரிசல் ஏறியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இழுப்பது காவிரி, துடுப்பு பரிசல்காரர் கையில்.

இப்போது தம்பியின் கேள்விக்கு வரலாம். இதற்கு விடை என் தொழிலிலேயே இருந்ததை நான் தாமதமாகத்தான் பார்த்தேன். 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 61-ஆம் பிரிவு, ஒருவருடைய சுயவிருப்பத்தைப் பறித்துவிடும் அளவுக்கு நச்சரித்துப் பெற்ற உயில் செல்லாது என்கிறது. அதே பிரிவின் கீழ் தரப்பட்ட எடுத்துக்காட்டுகளில் வேறொருவர் வருகிறார். அவரிடமும் ஒருவர் மன்றாடி வேண்டுகிறார். அந்த வேண்டுதலால்தான் அவர் உயில் எழுதுகிறார். ஆனால் தன் அறிவையும் விருப்பத்தையும் தானே செலுத்தி எழுதுகிறார். அந்த உயில் செல்லும். தூண்டுதல் இருந்ததா என்று மட்டும் சட்டம் கேட்கவில்லை. எழுதியவர் உள்ளே விழித்திருந்தாரா என்று கேட்கிறது. தம்பி அந்தப் பிரிவை இரண்டு முறை வாசித்தான். பிறகு, "அப்படியென்றால் லூக்காவை விசாரிக்கக் கிளப்பிவிட்டதே கடவுளாக இருக்கலாம், இல்லையா டீச்சர்?" என்று கேட்டான். எரேமியா 1:5-ஐ எடுக்கச் சொன்னேன். தாய் வயிற்றில் உருவாகுமுன்பே உன்னை அறிந்திருந்தேன் என்று கடவுள் எரேமியாவிடம் சொல்லும் வசனம். பேனாவை எடுப்பதற்கு வெகுகாலம் முன்பே அந்த வேலை தொடங்கிவிடுகிறது.

முடிக்கும்போது உரோமையர் 16-ஐ வாசியுங்கள். பெயர்களாக வரும் அதிகாரம், மெதுவாகப் போங்கள். 21-ஆம் வசனத்தோடு நிறுத்தி, இவ்வளவு நீண்ட கடிதத்தைப் பவுல் சொல்லச் சொல்ல எழுதிய கை யாருடையது என்று கேளுங்கள். பிறகு 22-ஐ வாசியுங்கள். இந்தக் கடிதத்தை எழுதிய தெர்த்தியு என்னும் நான் உங்களுக்கு ஆண்டவரில் வாழ்த்துக் கூறுகிறேன் என்று ஒருவர் தலைநிமிர்ந்து சொல்வார். நான் எழுதும் பத்திரங்களின் கடைசிப் பக்கத்தில், சாட்சிகளுக்குக் கீழே, ஆவணம் தயாரித்தவர் என்று எனக்கும் ஒரு வரி இடம் உண்டு. அன்று அந்த வசனத்தை நானே வாசித்தேன்.