வியர்க்குருவா, படையா? கொழும்பு வெக்கையில் தோலைக் கவனிக்கும் முறை

மார்ச் பிறந்துவிட்டால் வெள்ளவத்தையில் எந்தப் பாமசியில் நின்றாலும் ஒரு கேள்வி காதில் விழும்: “கடிக்குப் பூச ஏதாவது கிறீம் இருக்கா?” கடி என்பது அரிப்பு, நோயின் பெயர் இல்லை. வியர்க்குருவும் கடிக்கும், படையும் கடிக்கும். ஒன்றை அடக்கும் மருந்து மற்றதை வளர்த்துவிடும். அதனால் ரியூப்பைத் திறப்பதற்கு முன் தோலைப் பார்க்க வேண்டும்.

படி 1: வெளிச்சத்தில் பாருங்கள்

பகலில் யன்னலோரம் நில்லுங்கள். முதுகு என்றால் வீட்டில் ஒருவரைக் கொண்டு போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

வியர்க்குரு குண்டூசித் தலை அளவில், பொட்டுப் பொட்டாக, தனித்தனியாக இருக்கும். கழுத்து மடிப்பு, முதுகு, மார்புக்குக் கீழ், நாடா இறுக்கும் இடுப்பு ஆகியவை அதன் இடங்கள். கடியை விட, சுருக் சுருக்கென்று குத்துவதுதான் கூடுதலாக இருக்கும். கறுத்த தோலில் சிவப்பு எடுப்பாகத் தெரியாது; விரலால் தடவிப் பாருங்கள், ரவை தூவியதுபோல் சொரசொரக்கும்.

படை வட்டமாகப் பரவும். ஓரம் சற்று உயர்ந்து செதில் பிடித்திருக்கும். நடுப்பகுதி ஆறிவிட்டதுபோல் தெரியும். தொடை இடுக்கிலும் இடுப்பிலும்தான் அதிகம்.

தேமல் வெளிறிய அல்லது மண்ணிறத் திட்டுகளாக மார்பு, தோள், முதுகில் வரும். கடி குறைவு. நகத்தால் மெல்லச் சுரண்டினால் மா போலச் செதில் உதிரும். சிங்களத்தில் ‘அளுஹம்’ என்பது இதைத்தான்.

படி 2: வியர்க்குரு என்றால்

கொழும்பில் வெயிலை விடக் காற்றின் ஈரப்பதன்தான் தோலுக்கு எதிரி. வியர்வை காயாமல் உடம்பிலேயே நிற்கிறது. ஊறிய தோல் வீங்கி வியர்வைக் குழாயின் வாயை அடைக்க, வெளியே வர முடியாத வியர்வை தோலுக்குள்ளேயே கசிந்து குருவாகிறது. ஆகவே மருந்து இரண்டாம் பட்சம். உடம்பு வியர்க்காமல் இருக்கும் நேரத்தைக் கூட்டுவதே முதல் வைத்தியம்.

காலையும் மாலையும் சாதாரண தண்ணீரில் குளியுங்கள். சவர்க்காரம் அக்குளுக்கும் இடுக்குகளுக்கும் போதும். குரு உள்ள இடத்தில் பீர்க்கம் நாரைக் கொண்டுபோகவே வேண்டாம். துவாயால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். உடனே சட்டை போடாமல் ஐந்து நிமிடம் ஃபேனுக்கு முன்னால் இருங்கள். பிறகு தொளதொளப்பான பருத்தி உடுப்பு.

குத்தல் தாங்கவில்லையென்றால் கலமைன் லோஷன். இதில் பலர் விடும் பிழை, போத்தலைக் குலுக்காமல் ஊற்றுவது. மருந்துத் தூள் அடியில் படிந்து கிடக்கும்; மேலே நிற்பது வெறும் தண்ணீர். நன்றாகக் குலுக்கி, பஞ்சில் எடுத்து மெல்லிசாகப் பூசி, இளஞ்சிவப்பாகக் காயும் வரை விடுங்கள். நாளுக்கு இரண்டு மூன்று தடவை போதும். பழைய பூச்சைக் கழுவாமல் மேலே மேலே பூசினால் அது பாளம் பாளமாக வெடித்துத் தோலை இழுக்கும். சொறிந்து புண்ணான இடத்தில் பூச வேண்டாம்.

ஈர உடம்பில் பவுடரைக் கொட்டினால் அது வியர்வையோடு குழைந்து பசையாகி, அடைபட்ட குழாயை இன்னும் அடைக்கும். கைக்குழந்தைக்குப் பவுடர் மூச்சோடு உள்ளே போகும் ஆபத்தும் உண்டு. “எண்ணெய் குளிர்ச்சி” என்று பிள்ளைக்குத் தேங்காயெண்ணெய் தேய்ப்பதையும் குரு ஆறும் வரை நிறுத்துங்கள். அம்மம்மாமார் விட்டுக்கொடுக்க மாட்டார்கள், ஆனாலும் நிறுத்துங்கள். ஓடிக்கொலோனில் இருப்பது மதுசாரம். பூசிய நேரம் சில்லென்று இருக்கும், சொறிந்த தோலில் எரியும்.

உடம்பு குளிர்ந்திருந்தால் சில நாட்களில் தானாகவே அமர்ந்துவிடும்.

படி 3: படை என்றால்

படை ஒரு பூஞ்சை. க்ளொட்ரிமசோல் 1% கிறீம் பெரும்பாலும் போதும். இங்கே ஒரு எச்சரிக்கை. க்ளொட்ரிமசோல் வேறு, க்ளோபெட்டசோல் வேறு. கவுண்டரில் சத்தத்துக்குள் கேட்டால் இரண்டும் ஒன்றுபோலத்தான் காதில் விழும். இரண்டாவது மிகக் கடுமையான ஸ்டீரொயிட், அதாவது கடியையும் சிவப்பையும் அடக்கும், ஆனால் பூஞ்சையைக் கொல்லாத மருந்து. அதைப் படையில் பூசினால் இரண்டே நாளில் கடி நின்று சிவப்பு மங்கும். “நல்ல மருந்து” என்று தோன்றும். உள்ளே பூஞ்சை தடையில்லாமல் பரவிக்கொண்டிருக்கும். நிறுத்தியதும் முன்னிலும் பெரிதாகத் திரும்பி வரும், அதுவும் வட்ட வடிவம் கலைந்து, டொக்டருக்கே அடையாளம் தெரியாத கோலத்தில். தொடை இடுக்கில் நாட்கணக்காகப் பூசினால் தோல் மெலிந்து கோடு விழும். அந்தக் கோடு மாறாது. ரியூப்பில் பீட்டாமெதசோன் என்ற பெயர் சேர்ந்திருந்தாலும் கதை இதேதான், அதுவும் ஸ்டீரொயிட். ஆகவே பெயரைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வாங்கியதும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

கழுவி, நன்றாகக் காயவைத்து, காலையும் இரவும் பூசுங்கள். வட்டத்தின் மேல் மட்டும் அல்ல, ஓரத்திலிருந்து இரண்டு சென்ரிமீற்றர் வெளியேயும். இரண்டு முதல் நான்கு வாரம் எடுக்கும். கடி நின்ற அன்றே நிறுத்துவதால்தான் பலருக்குத் திரும்ப வருகிறது. தோல் தெளிந்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் தொடருங்கள்.

கால்விரல் இடுக்கையும் பாருங்கள். அங்கே வெளுத்து ஊறியிருந்தால் அதுவும் பூஞ்சையாக இருக்கலாம். இரண்டுக்கும் சேர்த்து மருந்து போட வேண்டும். உடுத்தும்போது முதலில் சொக்ஸ், பிறகு உள்ளாடை. மாறிச் செய்தால் உள்ளாடை காலைத் தொட்டு, பூஞ்சையை இடுக்குக்கு ஏற்றிவிடும். பிளட் வீடுகளில் உள்ளே காயப்போட்ட துணி தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும், இலாஸ்டிக் பட்டியில் ஈரம் நிற்கும். அந்த இடத்தில் இஸ்திரிக்கை வைத்து எடுங்கள். துவாய் ஆளுக்கொன்று.

படி 4: தேமல் என்றால்

தேமலும் பூஞ்சைதான். கீட்டோகொனசோல் 2% ஷாம்பூவை ஈர உடம்பில் திட்டுகள் மீதும் சுற்றியும் நுரைக்கப் பூசி, ஐந்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். தொடர்ந்து ஐந்து நாள். பூஞ்சை போன பிறகும் வெள்ளை நிறம் மாதக்கணக்கில் நிற்கும். செதில் உதிரவில்லை என்றால் மருந்து வேலை செய்துவிட்டது. நிறத்தைப் பார்த்துத் திரும்பத் திரும்பப் பூசாதீர்கள்.

படி 5: வெயில்

ஏப்ரல் 7, 8 ஆம் திகதிகளில் கொழும்பில் நண்பகல் 12.12 அளவில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். நிழல் காலடிக்குள் போய்விடும். அந்த நாட்களை ஒட்டி, பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை குடை வேண்டும். காலி முகத்திடலில் கடற்காற்று சுடாமல் வைத்திருக்கும், ஆனால் தோல் கருகுவதை அது தடுக்காது.

சன்ஸ்கிரீன் எஸ்பிஎஃப் 30 போதும்; தோலைச் சுடும் புறஊதாக் கதிரில் (UVB) 30 சுமார் 97 வீதமும் 50 சுமார் 98 வீதமும் தடுக்கிறது, அவ்வளவே வித்தியாசம். அளவுதான் முக்கியம்: ஆட்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிழிந்தது முகத்துக்கும் கழுத்துக்கும். இரண்டு மணிக்கொரு தரம், வியர்த்து வழிந்தால் அதற்கு முன்பே, திரும்பப் பூசுங்கள்.

கறுத்த முகத்துக்குத் தேசிக்காய் தேய்க்காதீர்கள். அதன் சாறு தோலில் இருக்க வெயில் பட்டால், ஒரு நாள் கழித்துச் சிவந்து கொப்புளம் போடும். பிறகு கரும்பழுப்புத் தழும்பு வாரக்கணக்கில் நிற்கும். வெயிலில் நின்று ஜூஸ் பிழிபவர்களின் கையிலும் இதே தழும்பு வருவதுண்டு. பிழிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

எப்போது டொக்டரிடம்

சீழ் பிடித்தால், காய்ச்சல் வந்தால், கைக்குழந்தைக்குக் கட்டு கிளம்பினால், அதே நாளில். படை முகத்திலோ தலையிலோ இருந்தால், இரண்டு வாரம் ஒழுங்காகப் பூசியும் அசையாவிட்டால், தோல் கிளினிக். இடுக்குப் புண் திரும்பத் திரும்ப வருகிறவர்கள் இரத்தத்தில் சீனி அளவையும் பரிசோதிக்க வேண்டும். போகும்போது இதுவரை பூசிய ரியூப்கள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள், வெறும் ரியூப் என்றாலும் சரி. தோலைச் சுரண்டிப் பரிசோதிக்க வேண்டி வரலாம் என்பதால் அன்று காலை எதையும் பூச வேண்டாம்.